அலைக்கு வேலி

கடற்கொள்ளைக்காரர் என்றவுடனே ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்து, இடுப்பில் வாளைச் செருகி, மண்டையோட்டுக் கொடி பறக்கும் கப்பலில் வரும் முரட்டு மனிதர்களே நம் மனக்கண்முன் தோன்றுவர். ஆயின், 1958ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பியக் கடல்களில் உலவிய ஒருவகைக் கொள்ளைக்காரர் பொன்னை நாடியவரல்லர். அவர்கள் கையிலிருந்தவை இசைத்தட்டுகளும் ஒலிவாங்கியுமே. கரைக்குச் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நின்றுகொண்டு, கரையிலிருந்த மக்களுக்குப் பாட்டு ஒலிபரப்பியதே அவர்கள் செய்த குற்றம். அதனைத் தடுக்கப் பாராளுமன்றங்கள் கூடின, சட்டங்கள் பிறந்தன, ஒரு நாட்டிலே ஆயுதப் படையினரே ஏவப்பட்டனர்.

வானொலியின் வரலாற்றைப்பற்றி வகுப்பிலே பேச நேர்ந்தபோது இச்செய்தியையும் சொன்னேன். "பாட்டுப் போட்டதற்கா சேர், படையை அனுப்பினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று. மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்க இயலாமற்போன அவ்விடையை இவ்வாரம் இப்பகுதியில் எழுதலாமென எண்ணினேன்.

முதற்கண் அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். வானொலி அலை கண்ணுக்குப் புலப்படாதது; ஆயினும் அளவற்றதன்று. ஓர் அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் ஒருங்கே பேசத் தொடங்கினால் இரண்டும் கேளாமற்போகும். நம் ஊவாவின் பள்ளத்தாக்குகளில் ஒரே வாய்க்கால் நீரை மேல்வயலும் கீழ்வயலும் முறைவைத்துப் பாய்ச்சுவதைக் கண்டிருக்கிறோம். முறை தவறி ஒருவன் இரவோடிரவாக மடையைத் திறந்துவிட்டால் மறுநாட் காலையில் என்ன நடக்கும் என்பதையும் கண்டிருக்கிறோம். ஐரோப்பிய நாடுகள் அவ்வாறே தமக்குள் அலைவரிசைகளை 1948இல் கோப்பன்ஹேகன் நகரிற் கூடிப் பங்கிட்டுக்கொண்டன. கடலிலே நின்ற கப்பலுக்கு அப்பங்கீட்டில் இடமில்லை. அது தான் விரும்பிய இடத்தில் மடையைத் திறந்தது. வேறொரு நாட்டுக்குரிய அலைவரிசையில் அதன் குரல் குறுக்கிட்டது. ஆபத்திற் சிக்கிய கப்பல்கள் உதவிகோரும் அழைப்புகளுக்கும் இடையூறு நேருமே என்று அதிகாரிகள் கவலையுற்றனர். இக்கவலையை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இனி மறுபக்கம். அக்காலத்துப் பிரித்தானியாவிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் வானொலி ஏகபோகமாயிருந்தது. பி.பி.சி. தரமான செய்திகளையும் நாடகங்களையும் பேச்சுகளையும் வழங்கியது என்பதை எவரும் மறுக்கார். ஆனால் இளைஞர் விரும்பிய புதிய பாட்டுகளுக்கு அது ஒதுக்கிய நேரம் மிகச் சொற்பம். இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஒரு நாளில் இத்தனை மணிநேரத்துக்குமேல் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாகாது என்ற உச்சவரம்பும் அதற்கிருந்தது. எது நல்லது என்று மேலிடத்தில் உள்ளவர்கள் தீர்மானிப்பார்கள். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வேற்பாடு புதியதன்று.

இந்த வேலியிலே ஓர் ஓட்டை இருந்தது. 1960களில் பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரைக்குமே. அதற்கப்பால் நிற்கும் கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாட்டுச் சட்டமே அக்கப்பலின் சட்டம். பனாமா போன்ற ஏதேனும் ஒரு தூரதேசத்துக் கொடியை ஏற்றிக்கொண்டு நான்காவது மைலில் நங்கூரமிட்டால் இலண்டன் பொலிஸார் ஒன்றும் செய்வதற்கில்லை. இயற்கையும் இவர்களுக்குத் துணைநின்றது. மத்திய அலை உப்புநீரின்மேல் நெடுந்தூரம் தேயாமற் செல்லும். நிலத்திலே பெருஞ்செலவிற் செய்யவேண்டியதைக் கடலிலே ஒரு பாய்மரம் போன்ற கம்பம் செய்துவிட்டது.

முதலில் இதனைக் கண்டுகொண்டவர்கள் வடநாட்டார். 1958 ஆகஸ்ட் மாதத்தில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட நீரிணையில் நின்ற கப்பலொன்றிலிருந்து ரேடியோ மேர்க்கூர் ஒலிக்கத் தொடங்கியது. 1961இல் சுவீடனின் தலைநகரை நோக்கி ரேடியோ நோர்ட் பாடியது. டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் ஒருமித்து 1962 ஆகஸ்டில் தடைச்சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ரேடியோ நோர்ட் அதற்கு முன்னரே வாயை மூடிக்கொண்டது.

மூடாத வாயொன்றும் இருந்தது. பிரிட் வாட்னர் என்ற பெண்மணி ரேடியோ சிட் என்னும் நிலையத்தைக் கப்பலிலிருந்து தொடர்ந்து நடத்தினார். சுவீடன் அரசாங்கம் அவரைச் சிறையிலிட்டது. வெளியே வந்து மீண்டும் நடத்தினார். 1966இன் தொடக்கத்தில் கடலே உறைந்து பனிக்கட்டி நெருக்கியபோதுதான் அந்நிலையம் நின்றது. சட்டம் செய்ய மாட்டாததைக் குளிர் செய்தது எனலாம். அவ்வம்மையார் அத்தோடு ஓயவில்லை. கப்பலை ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காம்பியாவுக்குக் கொண்டுசென்று, 1970இல் அங்கே முறையான அனுமதியோடு கரையில் ஒரு வானொலி நிலையத்தை நிறுவினார். சுவீடனிற் குற்றமாயிருந்தது காம்பியாவில் தொழிலாயிற்று.

இவ்வகைக் கப்பல்களுள் உலகப்புகழ் பெற்றது ரேடியோ கரோலைன். ரோனன் ஓராஹிலி என்ற அயர்லாந்து இளைஞர், தாம் ஆதரித்த பாடகர் ஒருவரின் இசைத்தட்டை ஒலிபரப்ப எவரும் முன்வராமையால் மனம் வெதும்பி, நாமே ஒரு நிலையம் அமைத்தாலென்ன என்று துணிந்தாராம். டென்மார்க்கின் பழைய பயணிகள் படகொன்றை வாங்கி, தம் தந்தைக்குச் சொந்தமான சிறு துறைமுகத்தில் அதற்கு 168 அடி உயரக் கம்பம் நாட்டி, 1964 மார்ச் 28ஆம் திகதி இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒலிபரப்பைத் தொடக்கினார். சில மாதங்களில் மற்றொரு கப்பலும் அதனோடு சேர்ந்துகொள்ள, ஒன்று வடக்கே மான் தீவுக்கு அருகிலும் மற்றது தெற்கிலுமாக நின்று நாடு முழுவதையும் வளைத்துக்கொண்டன. ஆண்டின் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்துச் செல்வர்களின் பணத்தோடு ரேடியோ லண்டன் வந்தது. தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் உலகப்போர்க் காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கெனக் கட்டிக் கைவிடப்பட்ட இரும்புக் கோட்டைகளிலும் சிலர் குடியேறிப் பாடத் தொடங்கினர்.

அந்நாளில் பிரித்தானியாவிலே வானொலி விவகாரம் தபால் மா அதிபர் என்னும் அமைச்சரின் பொறுப்பிலிருந்தது. 1964 முதல் 1966 வரை அப்பதவியை வகித்தவர் டோனி பென். தொழிலாளர் கட்சியின் இடதுசாரியாகப் பிற்காலத்திற் பேர்பெற்ற அவர், கப்பல் வானொலிகளைத் தனியார் வணிகரின் ஆக்கிரமிப்பாகக் கண்டார். அதிலும் உண்மை உண்டு. விளம்பரப் பணம் கப்பல்களுக்கு மழையாய்ப் பொழிந்தது. பாட்டை எழுதியவருக்கோ பாடியவருக்கோ உரிய பங்கைச் செலுத்தவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கில்லை. கடலிலே நின்றவர்களெல்லாம் சுதந்திர வீரர்கள் என்று கதைகட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மறக்கக்கூடாத வேறொன்றும் உண்டு. சட்டம் எட்டாத இடத்தில் வலியவனே சட்டம். 1966 ஜூன் மாதத்தில் கோட்டை வானொலியொன்றை ஓர் எதிர்த்தரப்பார் ஆட்களை அனுப்பிக் கைப்பற்றினர். அந்நிலையத்தின் உரிமையாளரான ரெஜ் கல்வேர்ட் மறுநாள் நியாயம் கேட்கப் போன வீட்டிலே சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் தற்காப்புக்காகவே சுட்டார் என நீதிமன்றம் விடுவித்தது. 1971 மே மாதத்தில் ஒல்லாந்துக் கரையில் நின்ற வானொலிக் கப்பலொன்றில் வெடிவைத்துத் தீமூட்டினர். அதற்குக் கூலி கொடுத்தவர் போட்டி நிலையமொன்றின் நிருவாகியே. கப்பலிலிருந்த இளைஞர்கள் உயிர்தப்பியது தெய்வாதீனம். பொலிஸுக்குப் போகமுடியாத தொழிலில் பிணக்கு வந்தால் அது இப்படித்தான் முடிகிறது.

அரசாங்கங்கள் எடுத்த நடவடிக்கைகளில் மிகவும் பகிரங்கமானது ஒல்லாந்தினுடையது. நோர்ட்வெய்க் என்னும் ஊருக்கு எதிரே கடலடியிற் கால்களூன்றிய மேடையொன்றை அமைத்து, அதிலிருந்து வானொலியோடு தொலைக்காட்சியையும் ஒளிபரப்பினர் சிலர். கப்பலைப்போல் மிதவாமல் கடலடி நிலத்திலே ஊன்றி நிற்பதால் அது தன் ஆட்சிக்குட்பட்டது என ஒல்லாந்து அரசு புதுச்சட்டம் இயற்றி, 1964 டிசம்பர் 17ஆம் திகதி வானூர்தியில் ஆயுதந் தாங்கியோரை இறக்கி அதனைக் கைப்பற்றியது. என் மாணவி வியந்த படை இதுதான். ஆனால் பின்கதை வேடிக்கையானது. அம்மேடையை ஆதரித்தவர்கள் சங்கமாகத் திரண்டு, உறுப்பினர்களைச் சேர்த்து, 1966இலே ஒல்லாந்தின் முறையான ஒலிபரப்பு அமைப்புகளுள் ஒன்றாய் இடம்பெற்றுவிட்டனர். பின்வாசலில் விரட்டப்பட்டவர் முன்வாசலால் வந்து அமர்ந்தனர்.

கப்பல்களுக்கோ கால்களில்லை, ஆகவே வேறு வழி தேடவேண்டியதாயிற்று. 1965 ஜனவரி 22ஆம் திகதி ஸ்திராஸ்பூர்க் நகரில் ஐரோப்பிய நாடுகள் ஓர் உடன்படிக்கையைக் கையொப்பத்துக்கு வைத்தன. அதன் சூட்சுமத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். கப்பல் நம் எல்லைக்கு வெளியே நிற்கலாம். ஆனால் அதற்கு எண்ணெயும் குடிநீரும் சோறும் கொண்டு செல்பவர் நம் கரையிலிருந்துதான் புறப்படவேண்டும். விளம்பரம் கொடுக்கும் சவர்க்காரக் கம்பனி நம் ஊரிலேதான் இருக்கிறது. அறிவிப்பாளர் நம் பிரசை. ஆதலால் கப்பலைத் தொடாதே. கப்பலுக்கு உணவளிப்பதையும், அதில் வேலை செய்வதையும், விளம்பரம் கொடுப்பதையும் குற்றமாக்கு. ஆலமரத்தை வெட்டாமல் வேருக்கு நீரை நிறுத்தும் உபாயம் இது. பிரித்தானியா இவ்வழியைப் பின்பற்றிக் கடல்சார் ஒலிபரப்புக் குற்றங்கள் சட்டத்தை 1967 ஜூலையில் நிறைவேற்றி, ஆகஸ்ட் 14ஆம் திகதி நள்ளிரவு முடிய நடைமுறைப்படுத்தியது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கே ரேடியோ லண்டன் விடைபெற்றது.

மான் தீவின் நிலை இங்கே குறிப்பிடத்தக்கது. அத்தீவுக்கெனப் பழைமையான பாராளுமன்றம் ஒன்று உண்டு. தன் கரையருகே நின்ற கரோலைன் கப்பலால் தீவின் பெயர் எங்கும் பரவிச் சுற்றுலாப் பயணிகள் வருவதைக் கண்ட அப்பாராளுமன்றம், தடைச்சட்டத்தை ஏற்க மறுத்தது. இலண்டன் அரசாங்கம் அதன் தலைக்குமேலாக ஆணையொன்றைப் பிறப்பித்து, செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து சட்டத்தை அத்தீவின்மேலும் சுமத்தியது. ஒரு பாட்டுக் கப்பலை நிறுத்துவதற்கு ஒரு பாராளுமன்றத்தின் விருப்பத்தை மீறவேண்டியிருந்தது என்பதைச் சிறிது எண்ணிப்பாருங்கள். கரோலைன் இதன்பின்னும் சில மாதங்கள் பிடிவாதமாக ஒலித்தது. அதனைக் கடைசியில் நிறுத்தியதும் சட்டமன்று, கடன். சாமான் ஏற்றிக் கொடுத்த ஒல்லாந்துக் கம்பனிக்குப் பணம் பாக்கி விழுந்தமையால், 1968 மார்ச் 3ஆம் திகதி அக்கம்பனியாரே இரு கப்பல்களையும் அம்ஸ்டர்டாமுக்கு இழுத்துச் சென்றுவிட்டனர்.

இங்ஙனமாயின் அரசாங்கம் வென்றது என்றுதானே முடிவு? என் கருத்து அதுவன்று. தடைச்சட்டத்தோடு கூடவே ஒவ்வோர் அரசாங்கமும் மற்றொன்றையும் செய்திருக்கிறது. அதனையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுவீடன் வானொலி, ரேடியோ நோர்ட் தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள், 1961 மே மாதத்தில் மெல்லிசைக்கென்றே நாள் முழுவதும் ஒலிக்கும் சேவையொன்றைத் தொடக்கியது. டென்மார்க் 1963 ஜனவரி முதலாந் திகதி தன் மூன்றாம் நிகழ்ச்சியை ஆரம்பித்தது. ஒல்லாந்து 1965 அக்டோபரில் ஹில்வர்சம் 3 என்ற சேவையைக் கொண்டுவந்தது. பி.பி.சி. 1967 செப்டெம்பர் 30ஆம் திகதி ரேடியோ 1ஐத் தொடக்கியபோது அதில் முதற்குரல் கொடுத்த டோனி பிளாக்பர்ன், ரேடியோ கரோலைனிலும் ரேடியோ லண்டனிலும் பணியாற்றியவர். அவரோடு சேர்ந்த அறிவிப்பாளரிற் பலரும் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்களே. மக்கள் கேட்டதைக் கொடுப்பதற்கு முதலே மனம் வந்திருந்தால் இத்தனை கப்பல்களுக்கு வேலையிருந்திராது. நியூசிலாந்திலும் இதே கதைதான். 1966இல் கடலுக்குச் சென்ற ரேடியோ ஹவுராக்கியைத் துறைமுகத்திலேயே மறித்து நிறுத்த முயன்ற அரசாங்கம், 1970இல் அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்க நேர்ந்தது.

நம் பக்கத்துக் கடலில் இவ்வாறு பாட்டுக் கப்பல் ஒன்று வந்ததா என வாசகர் கேட்கலாம். இந்தியக் கரைக்கப்பால் கப்பலே தேவைப்படவில்லை. அப்பணியைச் செய்ய இலங்கைத் தீவே அங்கு நங்கூரமிட்டு நின்றது!

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பதவியேற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்ற கொள்கையுடையவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் குறைக்கப்பட்டது. பாட்டோடு படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. படத்தயாரிப்பாளர்கள் வெகுண்டு தங்கள் அனுமதியைத் திரும்பப் பெற்றனர். விளைவாகப் பாட்டே இல்லாமற்போயிற்று. கேஸ்கரைப் பழிப்பது எளிது. அவர் இசையை அறிந்தவர். சமஸ்தானங்கள் மறைந்தபின் ஆதரவிழந்த வித்துவான்களுக்கு வானொலியைப் புகலிடமாக்கியதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. கர்நாடக சங்கீதத்தை வானொலியிலே கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அவருக்குக் கடமைப்பட்டவை. ஆயினும் சங்கீதம் வேண்டுமென்பதற்காகப் பாட்டைத் தடுக்கவேண்டியதில்லை.

தடுத்த பாட்டு இலங்கை வழியாகச் சென்றது. உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பிலே அமைக்கப்பட்டிருந்த சிற்றலை ஒலிபரப்பி மிகுந்த ஆற்றலுடையது. போரின் பின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இலே வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. பம்பாயிலே ஒலிப்பதிவு செய்த நாடா விமானமேறிக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து ஒலிபரப்பாகி மீண்டும் பம்பாயின் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது. கேட்பவர் இந்தியர், பாட்டு இந்தியப் பாட்டு, விளம்பரமும் இந்தியச் சந்தைக்கு. குறுக்கே நின்றது ஒரு கொள்கை மட்டுமே. தமிழ்நாட்டில் நடந்ததும் அதுவே. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் திருநெல்வேலியிலும் திருச்சியிலும் அறியாத வீடு அரிதாயிருந்தது. பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா முதலியோரை அக்கரையிலுள்ளோர் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே எண்ணினர்.

ஐரோப்பாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. கரோலைன் கள்ளக் கப்பல். இலங்கை வானொலியோ ஓர் இறைமையுள்ள நாட்டின் அரசாங்க நிலையம். அதன் அலைவரிசை முறைப்படி பெற்றது. எண்ணெய் ஏற்றுவதைத் தடுக்கவோ அறிவிப்பாளரைக் கைதுசெய்யவோ டில்லிக்கு வழியில்லை. வேருக்கு நீரை நிறுத்தும் உபாயம் பலிக்காத இடத்தில் மற்ற வழி ஒன்றே எஞ்சியது. 1957 அக்டோபர் 3ஆம் திகதி விவித் பாரதி பிறந்தது. சினிமாப் பாட்டு அகில இந்திய வானொலிக்குத் திரும்பியது. பி.பி.சி. 1967இற் செய்ததை டில்லி பத்தாண்டுகளுக்கு முன்னரே செய்தது. தடைச்சட்டம் இயற்ற வசதியில்லாதிருந்ததும் ஒருவகையில் நன்மையாயிற்று.

இந்தக் கதையிலே நம் மலையகத்தாரின் இடம் யாது? ஸ்பிரிங்வெளியிலோ நமுனுகுலை அடிவாரத்திலோ வானொலிப் பெட்டி வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால், சிற்றலை அவர்களுக்கு எத்துணை வாய்ப்பாக இருந்தது என்பதைச் சொல்வார்கள். பண்பலை நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் பள்ளத்திலுள்ள லயத்துக்கு எட்டாது. சிற்றலையோ வானத்தின் உயர்ந்த அடுக்கிலே மோதித் திரும்பி மேலிருந்து இறங்குவது. அதற்கு மலை பொருட்டன்று. மத்திய அலையும் இரவிலே அவ்வாறு வந்து விழும். ஆகவேதான் கொழும்பைக் கேட்ட வீட்டில் திருச்சியும் கேட்டது. மின்சாரம் வராத காலத்திலே கணக்கப்பிள்ளையின் வீட்டிலோ கடைவாசலிலோ இருந்த ஒரு பட்டரிப் பெட்டியைச் சுற்றி ஐம்பது பேர் குந்தியிருந்து கேட்டார்கள்.

அவர்கள் எத்தகைய மக்கள்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தவர்கள். கரோலைன் கப்பல் பாடத் தொடங்கிய அதே 1964ஆம் ஆண்டின் அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என எழுதப்பட்டது. எவரையும் எவரும் கேட்கவில்லை. பிறகு தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளிலே மீண்டும் தேயிலைக் கொழுந்து பறித்தன. அங்கேயும் அவர்கள் இலங்கை வானொலியையே திருகிப் பிடித்தார்கள். வாழ்த்து நிகழ்ச்சிகளிலும் நேயர் விருப்பத்திலும் வாசிக்கப்படும் தோட்டப் பெயர்களுக்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. இரண்டு அரசாங்கங்களின் ஏடுகளில் எண்ணிக்கையாக மட்டும் இருந்த மனிதர்களின் பெயர்கள் வானொலியிலே பெயர்களாக ஒலித்தன. பாட்டுத்தானே என்று இதனை எளிதாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை. கேட்பவரின் விருப்பத்தைக் கேளாமல் அலையைப் பூட்டுவது எத்தகைய செயல் என்பதை அளப்பதற்கு நம்மிடம் இந்த அளவுகோல் இருக்கிறது.

கடற் சட்டத்தில் இருந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டுவிட்டது. அதிலே நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற் சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980 டிசம்பரில் மறையும்வரை தலைமை வகித்தவர் இலங்கையின் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அம்மாநாட்டின் பயனாக 1982இல் உருவான சமவாயத்தின் 109ஆம் உறுப்புரை, நடுக்கடலிலிருந்து அனுமதியின்றி மக்களுக்கு ஒலிபரப்புவதை அடக்க எல்லா நாடுகளும் ஒத்துழைக்கவேண்டும் என்கிறது. கொடி நாடு மட்டுமன்றி, அவ்வொலி எந்நாட்டிற் கேட்கிறதோ அந்நாடும் கப்பலைப் பிடித்து வழக்குத் தொடரலாம். ஆபத்துக்கால அழைப்புக்கு மட்டும் விலக்குண்டு. இலங்கை இச்சமவாயத்தை 1994 ஜூலையில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே காலித் துறைக்கு இருநூறு மைல் அப்பால் ஒரு கப்பல் நின்று பதுளைக்குப் பாட்டுப் போட்டால், அதனைப் பிடிக்கக் கொழும்புக்கு இன்று உரிமையுண்டு.

கரோலைனின் எஞ்சிய வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் அது மீண்டும் கடலுக்கு வந்தது. அதன் கப்பல் 1980 மார்ச்சில் தேம்ஸ் முகத்துவாரத்தில் புயலில் மூழ்கியது. உயிர்காப்புப் படகினர் ஊழியர்களையும் அவர்கள் வளர்த்த குருவியையும் காப்பாற்றினர். 1983இல் வேறொரு கப்பலோடு திரும்பிற்று. 1989 ஆகஸ்டில் ஒல்லாந்து அதிகாரிகள் நடுக்கடலில் ஏறிக் கருவிகளைக் கழற்றிச் சென்றனர். 2017இல் பிரித்தானிய ஒழுங்காணையம் அதே கரோலைனுக்கு 648 என்ற மத்திய அலைவரிசையை அனுமதியோடு வழங்கியது. அது முன்னாளில் பி.பி.சி. உலக சேவை ஒலித்த அலைவரிசை.

நம் நாட்டிலே வானொலி நெடுங்காலம் அரசாங்கத்தின் தனியுடைமையாயிருந்து, 1990களில் தனியாருக்கும் திறந்தது. அலையை யார் யாருக்குப் பங்கிடுவது என்ற பழைய வாய்க்காற் சண்டை அப்போது இங்கும் எழுந்தது. ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவ 1997இல் வந்த சட்டமூலத்தை உயர்நீதிமன்றம் ஆராய்ந்து, அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. அலைவரிசைகள் பொதுமக்களின் உடைமை. அவற்றைப் பங்கிடும் சபை அரசாங்கத்தின் கைப்பொம்மையாக இருத்தலாகாது என்பது அதன் சாரம். அச்சட்டமூலம் அத்தோடு நின்றது.

அதற்கு முந்திய ஆண்டின் தீர்ப்பொன்று இதனினும் என்னைக் கவர்ந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் நடந்துவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்கவும் கருத்துச் சொல்லவும் இடமளித்த நிகழ்ச்சி அது. அவ்வாறு பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவர் நிலையத்தின் உரிமையாளரல்லர், அறிவிப்பாளருமல்லர், கேட்டுக்கொண்டும் இடையிடையே பேசிக்கொண்டும் இருந்தவர். நிகழ்ச்சியைத் தக்க காரணமின்றி நிறுத்தியதால் அந்த நேயருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.